அரண்மனையை விட்டு வெளியேறிய மரங்கள்

தென்கொரியத் தலைநகர் சியோலுக்கு ஏப்ரலில் வரும் பயணிகளில் பெரும்பாலோர் கியோங்போக்குங் அரண்மனையோடு நிறைவடைந்துவிடுகின்றனர். ஹான்போக் எனப்படும் கொரிய மரபுடை அணிந்தோருக்கு அங்கு நுழைவுக் கட்டணம் இல்லாததால், மண்டபங்களைவிட வாடகைப் பட்டுப் பாவாடைகளே அதிகம் கண்ணில் படுகின்றன. அதற்குக் கிழக்கே உள்ள சாங்கியோங்குங் அரண்மனைக்கு அத்தகைய கூட்டம் இல்லை. முந்தைய மன்னர்களின் துணைவியர் மூவர் வாழ்வதற்காக சோங்ஜோங் மன்னர் 1483-இல் எழுப்பிய இவ்வரண்மனை, 1592-இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பில் எரிந்து, 1616-இல் மீண்டும் கட்டப்பட்டது. அப்போது எழுந்த அரசவை மண்டபம், பிற அரண்மனைகளின் மண்டபங்களைப் போலத் தெற்கு நோக்காமல் கிழக்கு நோக்கி இன்றும் நிற்கிறது.

வசந்தம் என்றாலே செர்ரிப் பூ என்று எண்ணி வருபவருக்கு இங்கே முதலில் ஏமாற்றம்தான். வாயிலைக் கடந்ததும் வரும் ஓக்சோன் கற்பாலத்தின் இருபுறமும் பூத்திருப்பவை ஏப்ரிகாட், பிளம் மரங்கள். பாலத்தின் இரு வளைவுகளுக்கும் நடுவே, தீயவை அண்டாமல் காக்கும் தொக்கேபி என்னும் பூதத்தின் முகம் துருத்திய கண்களோடு செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே ஓடும் நீரில் இதழ்கள் சிக்கிச் சிக்கி நகர்கின்றன. செர்ரி மரங்கள் எங்கே என்று கேட்கத் தொடங்கும்போதுதான் இவ்விடத்தின் உண்மையான வரலாறு வெளிப்படுகிறது.

1907-இல் கோஜோங் பேரரசர் முடிதுறக்க வைக்கப்பட்டபின், அவருடைய மகன் சுன்ஜோங் அடுத்திருந்த அரண்மனையில் குடியமர்த்தப்பட்டார். புதிய பேரரசரை மகிழ்விப்பதாகக் காரணம் கூறிய ஜப்பானிய அதிகாரம், சாங்கியோங்குங்கின் பல கட்டடங்களை இடித்து 1909-இல் விலங்குக்காட்சிச் சாலையையும் தாவரத் தோட்டத்தையும் திறந்தது. நாடு ஜப்பானிடம் பறிபோன மறு ஆண்டு, 1911-இல், அரண்மனை என்ற தகுதியே நீங்கி ‘சாங்கியோங் தோட்டம்’ என்ற பெயர் வந்தது. மன்னர் தாமே ஏர்பிடித்து அவ்வாண்டின் விளைச்சலைக் கணித்த வயல் வெட்டப்பட்டுக் குளமாயிற்று. ஆயிரக்கணக்கில் செர்ரி நடப்பட்டது. 1924 முதல் மின்விளக்கொளியில் இரவுப் பூக்காட்சியும் நடந்தது.

அரியணை இருந்த அரண்மனையில் குரங்குக் கூண்டு வைப்பது எத்தகைய அவமதிப்பு என்பதை விளக்கத் தேவையில்லை. வியப்புக்குரியது அதன் பின்கதை. 1945-இல் விடுதலை பெற்ற பிறகும் கூண்டுகளும் மரங்களும் அகற்றப்படவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கொரியர்களே குடும்பத்தோடு வந்து யானையையும் இரவுச் செர்ரியையும் கண்டு களித்தனர். சியோலின் முதியோர் பலருக்கு இவ்விடம் இன்றும் பள்ளிச் சுற்றுலாவின் நினைவாகவே இருக்கிறது. பூவைப் பறித்துத் தொடுத்துச் சாமிக்கும் தலைக்கும் சூட்டிப் பழகிய தமிழ்ப் பயணிக்கு, மணமே ஏறத்தாழ இல்லாத ஒரு பூவை வெறுமனே அண்ணாந்து பார்ப்பதற்கு ஒரு நகரமே திரள்வது விளங்காத புதிர். அதுவும் ஆண்டவன் நட்ட மரமல்ல, ஆண்டவர்கள் நட்ட மரம்.

1983-இல் அரண்மனைக்குப் பழைய பெயர் திரும்பியது. விலங்குகள் நகருக்குத் தெற்கே குவாச்சோனுக்குச் சென்றன. செர்ரி மரங்கள் பல வேரோடு பெயர்க்கப்பட்டு அங்கும், ஹான் ஆற்றின் யோயிடோ தீவிலும் நடப்பட்டன. ஆகவே இன்று யோயிடோவின் புகழ்பெற்ற செர்ரித் திருவிழாவுக்குத் திரளும் கூட்டம், அரண்மனை வெளியேற்றிய மரங்களின் கீழும் நடக்கிறது. வயலை விழுங்கிய குளமோ இன்னும் அங்கேயே கிடக்கிறது. 1909-இல் இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டிய வெள்ளைப் பசுமைக்குடில் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சின்னமாகிவிட்டது. மரத்தை மட்டும் குற்றவாளியாக்கிய இத்தேர்வில் நியாயத்தைவிட வசதியே மிகுதி எனத் தோன்றுகிறது.

இவ்வழக்கு அறிவியலிடமும் சென்றது. ஜேஜு தீவில் காட்டு மரமாக வளரும் ‘அரச செர்ரி’யே ஜப்பானியச் செர்ரியின் மூலம் என்று கொரியாவில் நெடுங்காலம் வாதிடப்பட்டது; ஆனால் 2018-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு இரண்டும் வெவ்வேறு கலப்பினங்கள் எனக் காட்டியது. தென்கோடித் துறைமுகமான ஜின்ஹே இத்தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. ஜப்பானியர் கடற்படைத் தளமாக்கிய அந்நகரில் விடுதலைக்குப்பின் வெட்டப்பட்ட செர்ரி மரங்கள், ஜேஜு வாதம் தந்த துணிவில் 1960-களில் மீண்டும் நடப்பட்டன. அவற்றின் கீழ் ஆண்டுதோறும் நடக்கும் விழா, 1592-இல் ஜப்பானியக் கடற்படையை முறியடித்த தளபதி யி சுன்-சின்னுக்கு 1952-இல் சிலை வைத்து எடுத்த நினைவுநாளிலிருந்து வளர்ந்தது.