மூடியைக் கழற்றுமுன்

சாம்பல்தீவில் மைக்ரோவேவ் அடுப்புக்கு ஆயுள் குறைவு. கடலும் களப்பும் அருகருகே கிடக்கும் ஊர். உப்புக்காற்றில் சாவிக்கொத்துக்கூடத் துருவேறும்போது அடுப்பு மட்டும் தப்புமா? அது பழுதுபட்டதும் நம்மவர் முதலில் தேடுவது திருப்புளியைத்தான்.

இந்தப் பழக்கத்தை நான் இகழமாட்டேன். மின்சாரமற்ற 1990களில் யாழ்ப்பாணத்தவர் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றிய தலைமுறை எங்களுடையது. எதையும் கழற்றிப் பார்க்கும் துணிவு அப்படி வந்தது. வானொலிப் பெட்டியில் பலித்த அத்துணிவு இங்கே உயிரை வாங்கிவிடும்.

அண்மையில், கைபேசி திருத்தும் இளைஞர் ஒருவர் பக்கத்து வீட்டு அடுப்பைத் திறக்க முற்பட்டபோது தடுத்தேன். "பிளக்கைக் கழட்டிப்போட்டன் ஐயா, பிறகென்ன பயம்?" என்றார். பயம் அதற்குப் பிறகுதான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்றை உள்ளிருக்கும் நிலைமாற்றி ஏறத்தாழ 2000 வோல்ற்றாக உயர்த்துகிறது. கொள்ளளவியும் டயோட்டும் சேர்ந்து அதை 4000 வோல்ற் அளவுக்குக் கொண்டுபோய் மக்னெற்ரோனுக்குக் கொடுக்கின்றன. (கொள்ளளவி நாங்கள் பள்ளியில் படித்த சொல். தமிழகத்தார் மின்தேக்கி என்பர்; கடைக்காரருக்கு அது கப்பாசிற்றர்தான்.) மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் கொள்ளளவியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதை வடிப்பதற்கென வைத்த தடையி பழுதாகியிருந்தால் நெடுநேரம் தங்கும். தொட்டவரின் இதயத்தை நிறுத்த அது போதும்.

மக்னெற்ரோனின் பூர்வீகமே போர்க்கருவிதான். 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் அதனை ராடாருக்காக உருவாக்கினர். ராடார் ஆய்விலிருந்த அமெரிக்கர் பெர்சி ஸ்பென்சர் 1945இல் அதனைச் சமையலுக்குத் திருப்பினார். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த திருகோணமலைக்கு அது முற்றிலும் அந்நியமான பொருளன்று.

நல்லவேளையாக, வீட்டில் எழும் முறைப்பாடுகளிற் பலவற்றை மூடியைத் தொடாமலே தீர்க்கலாம். விளக்கு எரிகிறது, தட்டுச் சுழல்கிறது, உணவு மட்டும் சூடாகவில்லை என்றால், யாராவது வெப்ப அளவைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்று முதலிற் பாருங்கள். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரை முழுவலுவில் இரண்டு நிமிடம் வையுங்கள். நன்றாகச் சுட்டால் குறை அடுப்பில் இல்லை. பச்சைத் தண்ணீராகவே இருந்தால் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். பெட்டி அடியோடு உயிரற்றுக் கிடந்தால் வேறொரு மின்கருவியைச் செருகி சுவர் இணைப்பைச் சோதியுங்கள். கதவின் கொக்கிகளில் காய்ந்த மீன்குழம்பு ஒட்டியிருந்தாலும் கதவு சரியாகப் பூட்டாது, அடுப்பு இயங்காது.

எங்கள் ஊரில் அதிகம் கேள்விப்படுவது தீப்பொறிதான். பொன்விளிம்புப் பீங்கானும் அலுமினியத் தாளும் காரணமில்லையென்றால் உட்சுவரைப் பாருங்கள். பெரும்பாலும் வலப்பக்கத்தில் பழுப்பு அட்டைபோல ஒரு மைக்காத் தகடு இருக்கும். எண்ணெய் தெறித்துப் படிந்தால் அது கருகிப் பொறி பறக்கும். துடைத்தும் நிற்காவிட்டால் புதுத்தகடு வாங்கிக் கத்தரிக்கோலால் அளவாக வெட்டிப் பொருத்தலாம். உட்பூச்சு உரிந்து துருவேறிய இடத்திலும் பொறி கிளம்பும். உப்புக்காற்று காட்டும் கைவரிசை இது. ஒவ்வொரு முறையும் உள்ளே உலரத் துடைத்து, ஈரம் போகும்வரை கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் துரு பிந்தும். கதவு நெளிந்தோ கண்ணாடி வெடித்தோ போயிருந்தால் மட்டும் எந்தப் பரிசோதனையும் வேண்டாம், பாவிப்பதையே நிறுத்திவிடுங்கள்.

இறுதியாக வெளிநாட்டு உறவினர்களுக்கு. ரொறன்ரோவிலிருந்து கப்பலில் அனுப்பும் அடுப்பு 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. இலங்கையில் 230, 50. வோல்ற்றைக் குறைக்கும் கருவி வைத்தாலும் ஹேர்ட்ஸ் மாறாது. பழைய பாணி நிலைமாற்றி கொண்ட அடுப்பு அந்த 50இல் அளவுமீறிச் சூடேறும். சிலவற்றின் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்குவதும் இதனாற்றான். கப்பற்கூலியைப் பணமாக அனுப்புங்கள். அடுப்பை நாங்கள் திருகோணமலைக் கடையிலே வாங்கிக்கொள்கிறோம்.