இருதயப் படம்

லெந்து நாட்கள் வந்தால் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு ஜெபக்கூட்டம் நடக்கும். நெல்லைச் சீமையின் தெற்கே, தேரிச் செம்மண்ணும் பனையுமாக இருந்த ஊர். உபதேசியார் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இருதயப் படப் புத்தகத்தை விரித்துப் பிடிப்பார். பெரிய இருதயம் ஒன்று, நடுவே சாத்தான், சுற்றிலும் மயில், ஆடு, பன்றி, ஆமை, புலி, பாம்பு, தவளை. மயில் பெருமை, ஆமை சோம்பல், புலி கோபம், தவளை பேராசை என்று குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொல்வார். கோஸ்னர் என்ற ஜெர்மானியப் போதகர் 1812-இல் வெளியிட்ட படங்கள் அவை என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அன்றைக்கு அது எங்கள் ஊர்ப் புத்தகம்.

அடுத்த படங்களில் வெளிச்சம் மேலிருந்து இறங்கும், மிருகங்கள் வெளியேறும். மிருகங்களை இருதயத்துக்குரிய மனுஷனே விரட்டுவதாக ஒரு படமும் கிடையாது. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) காவியத்தைப் படித்தபோதும் இதுவே நினைவுக்கு வந்தது: யாத்திரிகனின் பாவபாரம் சிலுவையடியில்தான் கழன்று விழுகிறது. பிந்தைய படம் ஒன்றில் மிருகங்கள் திரும்பி வந்து நுழையும். இருதயத்துக்கு மேலே வரைந்த மனித முகம் அப்போது இறுகிக் கிடக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

அந்தக் கூட்டங்களில் என் ஆச்சி முழங்காலிட்டு, தான் பாவி என்று அழுவாள். பேறுகாலமோ சாவோ, எந்த வீட்டுக்கும் முதலில் ஓடுகிறவள் அவள். அவளுக்கென்ன பாவம் என்று கேட்டேன்.

"வெளிய செய்யுததத்தாம்ல நீ பாக்க. உள்ள கெடக்கத அவரு பாக்காருல்லா, மக்கா."

பாவம் என்ற சொல்லை மனிதனைச் சிறுமைப்படுத்தும் சொல்லாக இன்று பலர் நினைக்கிறார்கள். ஆச்சியை அது சிறுமைப்படுத்தவில்லை. யாரையும் தன்னைவிடக் கீழாக எண்ண விடாமல் அவளைக் காத்தது அதுதான்.

ஓர் எல்லைப் பனைக்காகப் பக்கத்து வளவுக்காரியோடு அவளுக்குப் பல மாதமாகப் பேச்சு கிடையாது. திருவிருந்து ஆராதனைக்கு முந்தின சனிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே கிளம்பினாள்.

"தப்பு அவங்க மேலதான ஆச்சி? நீங்க எதுக்குப் போகணும்?"

"நாம திருந்துன பொறவா அவரு சிலுவைக்குப் போனாரு? முந்திட்டாருல்லா. நட."

கதவைத் திறந்தவள் பேசாமல் நின்றாள். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து, "மனசுக்குள்ள ஒன்ன ரொம்ப வஞ்சிட்டேன் தாயி, மன்னிச்சிரு" என்றாள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்க மயினி" என்று உள்ளே போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டாள். பனையைப் பற்றி அன்று ஒரு வார்த்தை எழவில்லை. பிறகு சர்வேயர் அளக்க வந்தபோது, எல்லைக் கல்லை இருவரும் சேர்ந்தே போய்க் காட்டினார்கள்.