மன்னாரில் நான்கு நாள், யாழ்ப்பாணத்தில் நான்கு நாள்

வெளிநாட்டுச் சுற்றுலா என்றதும் பயண முகவர்கள் நீட்டும் வழவழப்பான தாள்தான் நம்மவர் நினைவுக்கு வருகிறது. நாளுக்கு ஒரு நகரம், நகரத்துக்கு ஒரு விடுதி, விடுதி வாசலில் குளிரூட்டிய பேருந்து. எட்டு நாளில் ஆறு முறை பெட்டியைத் திறந்து மூடித் திரும்புகிறவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், காலைச் சிற்றுண்டியைப் பற்றிச் சொல்கிறார்கள். ஓய்வூதியத்தில் வாழும் நண்பர்கள் இருவர் அண்மையில் என்னிடம் ஆலோசனை கேட்டனர். பணம் அதிகமில்லை, வாடகைக் கார் கட்டுப்படியாகாது, ஆனால் ஒருமுறையாவது கடல் கடக்க வேண்டும். இலங்கைக்குப் போங்கள் என்றேன். அவர்கள் கண்டி, நுவரெலியா என்று தொடங்குமுன், மன்னாருக்குப் போங்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். இருவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தனர். மன்னாரில் என்ன இருக்கிறது?

பதில் சொல்லுமுன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குறைந்த செலவில் பயணம் செய்பவர் தங்குமிடங்களை இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் அரை நாளும் இரண்டு வண்டிச் சத்தமும் ஒருவேளைச் சாப்பாடும் வீணாகின்றன. நான்கு இரவு தங்குகிறேன் என்று சொன்னால் அறை வாடகையில் பேசிக் குறைக்க இடமுண்டு. ஓரிரவுக்காரருக்கு அது கிடையாது. துணியைத் துவைத்து உலர்த்தலாம். மூன்றாம் நாள் தேநீர்க் கடைக்காரருக்கு நம் சர்க்கரை அளவு தெரிந்துவிடும். வடபகுதிக்கு அந்த இரு தளங்கள் மன்னார் பட்டினமும் யாழ்ப்பாணமும். இரண்டிலும் அறையைப் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் எடுக்க வேண்டும். கடலைப் பார்த்த அறை என்று மயங்கி ஊருக்கு வெளியே தங்கினால், மிச்சம் பிடித்ததெல்லாம் ஓட்டோவுக்குப் போய்விடும். (ஆட்டோவை அங்கே ஓட்டோ என்றுதான் எழுதுகிறார்கள், சொல்கிறார்கள்.)

இனி, போகும் வழி. இதை எழுதும்போது எனக்குச் சற்றுக் கோபம் வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் முப்பது கிலோமீட்டர் அளவுதான். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னை எழும்பூரில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னார் துறையில் காத்திருக்கும் ரயிலில் கொழும்பு கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். எல்லாம் ஒரே பயணச்சீட்டில். ‘போட் மெயில்’ என்று நம் பாட்டனார்கள் சொன்னது அதைத்தான். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. இலங்கையில் இனக்கலவரமும் போரும் மூண்டபின் 1984 வாக்கில் அதுவும் நின்றது. 1990-இல் மன்னார் ரயில் பாதையும் போரில் போயிற்று. இந்திய உதவியுடன் மீண்டும் போடப்பட்ட அந்தப் பாதை 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை திறக்கப்பட்டது. தண்டவாளம் கடற்கரை வரை வந்துவிட்டது, கப்பலைத்தான் காணோம்.

ஆகையால் நாம் சுற்றித்தான் போகவேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலுடன் மறுபடி தொடங்கியது. கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். கட்டணமும் ஓடும் கிழமைகளும் மாறிக்கொண்டே இருப்பதால் புறப்படும் மாதத்தில் கேட்டறிந்துதான் பதிவு செய்யவேண்டும். விசா விதிகளும் அவ்வாறே; இலங்கை அரசின் மின்னணுப் பயண அனுமதித் தளத்தைத் தவிர வேறெதையும் நம்பவேண்டாம். காங்கேசன்துறையில் இறங்கியதும் யாழ்ப்பாணத்துக்குப் பஸ். அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் காலை மன்னாருக்குப் பஸ் ஏறுவது நலம். முதலில் மன்னார், பிறகு யாழ்ப்பாணம் என்ற வரிசைக்குக் காரணம் உண்டு. கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்தானால் நாம் துறைக்கு அருகிலேயே இருப்போம்.

யாழ்ப்பாணம்–மன்னார் பஸ் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி வழியாகத் தெற்கே போகிறது. 2011-இல் அந்தப் பாலம் திறக்கப்படுமுன் இந்த வழியில் படகுப் பாதைதான் இருந்தது. இப்போது மூன்று மணி நேரம், சற்றுக் கூடலாம். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்புப் பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஓடுகின்றன. நான் சிவப்பையே விரும்புவேன், பாட்டு இராது. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும் என்பதால் பஸ் கட்டணம் நமக்குக் கடினமாய் இராது. ரயிலை நம்பித் திட்டம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இலங்கை ரயில் பாதைகளைப் பல இடங்களில் சிதைத்துவிட்டது. எந்தப் பாதையில் எந்த ரயில் ஓடுகிறது என்பதை அந்த வாரத்தில் கேட்டுக்கொண்டு, திட்டத்தின் முதுகெலும்பாகப் பஸ்ஸை வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னார் ஒரு தீவு. தாம்போதி என்று அவர்கள் சொல்லும் கடல்வழிச் சாலையில் பஸ் ஏறும்போது இருபுறமும் ஆழமற்ற நீர். பருவத்தில் பூநாரைகள் நிற்கும். தீவுக்குள் நுழைந்ததும் போர்த்துக்கீசியர் 1560-இல் கட்டி, 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை. பஸ் நிலையத்திலிருந்து அதற்கு நடந்தே போகலாம். பள்ளிமுனையில் பெருக்கமரம் ஒன்று நிற்கிறது. ஆப்பிரிக்க மரம், அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பர். அதன் அடிமரத்தைச் சுற்றிவர ஒரு வீட்டைச் சுற்றுவதுபோல் நடக்கவேண்டும். தெருவெங்கும் கழுதைகள். அவற்றையும் அராபியர் கணக்கிலேயே எழுதுகிறார்கள்.

அடுத்த நாட்கள் பஸ்ஸுக்கு உரியவை. ஒரு நாள் திருக்கேதீச்சரம்: சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், மாதோட்டம் என்ற பழைய துறைமுகத்தின் மிச்சம். பிரதான வீதியில் இறங்கி உள்ளே நடந்தால் பாலாவித் தீர்த்தம். ஒரு நாள் மடு மாதா கோயில். தமிழரும் சிங்களவரும் ஒரே வரிசையில் மெழுகுவர்த்தி ஏற்றும் காட்டுக்குள் உள்ள தலம். ஆகஸ்ட் 15 திருவிழாவின்போது பஸ்கள் நிறைய, அறைகள் கிடையா. அரைநாள் இருந்தால் தெற்கே சிலாவத்துறைப் பஸ்ஸில் அரிப்பு. ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்க்கக் கட்டிய மாளிகையின் சுவர்கள் கடல் விளிம்பில் இடிந்து நிற்கின்றன. ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்கின்றனர். ஆளுநரைவிட அல்லிராணிக்கே அந்த இடம் பொருத்தம் என்பது என் எண்ணம்.

எந்த இடத்துக்குப் போனாலும் இறங்கியவுடன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: திரும்பக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு? கேட்கவேண்டியது நடத்துநரிடம்; அறிவிப்புப் பலகையில் அன்று. ஞாயிற்றுக்கிழமையும் போயா என்னும் பௌர்ணமி விடுமுறையும் பஸ் குறையும் நாட்கள்.

தலைமன்னாருக்கு ஒரு முழுநாளை ஒதுக்குங்கள் என்று வற்புறுத்துவேன். பழைய கலங்கரை விளக்கமும், துருப்பிடித்துக் கடலுக்குள் நீளும் இறங்குதுறையும் தவிர அங்கே சுற்றுலாக்காரருக்கு ஒன்றுமில்லை. பயணச்சீட்டு வாங்க வழியில்லாதவர்களின் பயணம் தொடங்கிய இடம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மாவட்டங்களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் தோணியில் இந்தக் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். ரயிலும் கப்பலும் வந்தபின் அவர்களின் சந்ததியார் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, அதன் பின்னரே அனுப்பப்பட்டனர். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்குத் திருப்பியனுப்ப முடிவு செய்தபோது, அவர்கள் ஏறியதும் இதே துறையில்தான். 2023-இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து ஒரு குழுவினர் ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12 அன்று மாத்தளை போய்ச் சேர்ந்தனர், நடந்தே. நாம் பஸ்ஸில் காலை நீட்டிக்கொண்டு கடக்கும் சாலை அது.

திரும்பும் வழியில் பேசாலையில் இறங்கினேன். வாடி ஒன்றில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

“ஐயா இந்தியாவோ?”

“ஆம், சென்னை.”

“அங்கால இருந்து வாற றோலர்தான் இதைச் செய்தது” என்று கையிலிருந்த வலையைக் காட்டினார். குரலில் சினம் இல்லை. மருத்துவரிடம் புண்ணைக் காட்டுபவர்போல் காட்டினார். பிறகு இருக்கச் சொல்லி, பால் இல்லாத தேநீர் வரவழைத்தார்.

இழுவைமடித் தொழிலை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடை செய்தது. நம் கரையின் இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வருவது நிற்கவில்லை. நம் செய்தித்தாள்களில் மீனவர் கைது தலைப்பாக வரும். வரவும் வேண்டும், சிறையில் இருப்பவர் கூலிக்குப் போனவர். பேசாலையில் அறுந்த வலைக்கு நம் பக்கங்களில் இடம் கிடைப்பதில்லை. மன்னார் மக்களுக்கு வேறு கவலைகளும் உண்டு. தீவின் தென்கரையில் 2020 முதல் சுழலும் காற்றாலைகளுக்கு மேல் இன்னும் வரப்போகின்றன என்றும், கனிம மணல் அகழப்படும் என்றும் 2025-இல் வீதிக்கு வந்து போராடினர். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் திரும்பி வந்து கட்டிய வீடுகளை எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் காணலாம். இவற்றையெல்லாம் பஸ் இருக்கையில் அருகில் அமர்ந்தவர்தான் எனக்குச் சொன்னார். வாடகைக் காரில் அந்த இருக்கை இல்லை.

யாழ்ப்பாணத்து நான்கு நாளை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நல்லூர், கீரிமலை, பருத்தித்துறை எல்லாம் பலரும் எழுதியவை, எல்லாவற்றுக்கும் பஸ் உண்டு. ஒன்றை மட்டும் விடவேண்டாம். அதிகாலைப் பஸ்ஸில் குறிகாட்டுவானுக்குப் போய், படகில் நெடுந்தீவு. அந்தக் கடலில் ஓடிய ‘குமுதினி’ என்ற பயணிகள் படகில் 1985 மே 15 அன்று பயணம் செய்தவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினர் செய்தது என்று உயிர் தப்பியோர் சாட்சி சொன்னார்கள். தீவு மக்கள் இன்றும் ஆசுபத்திரிக்கும் கச்சேரிக்கும் படகேறித்தான் போகிறார்கள். கூட்டம் அதிகமானால் நமக்கு முன் அவர்கள் ஏறட்டும். மாலைப் படகைத் தவறவிட்டால் இரவு தீவிலேயேதான்.

நண்பர்களுக்கு நான் எழுதிக்கொடுத்த தாளில் கடைசி வரி இது: கப்பலுக்கு இரண்டு நாள் முன்பே யாழ்ப்பாணத்தில் இருங்கள், அந்த இரண்டு நாளுக்கான அறை வாடகையை இலங்கைப் பணமாகத் தனி உறையில் வைத்திருங்கள். அவர்கள் மார்ச்சில் புறப்படுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருடைய தாயார் 1971-இல் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவராம். தாளைக் கொடுத்தபிறகுதான் எனக்கு அதைச் சொன்னார்.