ரெடிமேடா... அளவெடுத்துத் தைக்கிறதா?

கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா பாஸ்? லேப்டாப்பைச் சொல்லலை. டேபிளுக்கு அடியில உட்கார்ந்து 'உய்ய்ங்'னு பாடுமே, அந்த டெஸ்க்டாப். ஷோரூம்ல சீல் பிரிக்காத கம்பெனி பெட்டியா, இல்லே ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒவ்வொரு பார்ட்டா பொறுக்கி நாமே அசெம்பிள் பண்றதா? ஹாஸ்டல் ரூம்ல இந்தக் கேள்வியைச் சும்மா கொளுத்திப் போட்டுப் பாருங்க. தல - தளபதி சண்டையெல்லாம் இதுக்கு முன்னாடி தூசு!

உங்க பட்ஜெட் லட்சத்தைத் தாண்டும்னா, நீங்க எதை வாங்கினாலும் நல்லாத்தான் இருக்கும். வாழ்த்துகள், அடுத்த பக்கத்துக்குப் போயிடுங்க. முப்பது, நாற்பதாயிரம் வெச்சிருக்கிறவங்க மட்டும் உட்காருங்க. அந்தக் காசுக்குப் பின்னாடி யாரோ ஒருத்தரோட வேர்வை இருக்கும்.

என் கதையில அது அப்பாவோடது. விழுப்புரத்துல சின்னதா டெய்லர் கடை. 2022-ல் நான் விஸ்காம் செகண்ட் இயர். எங்க ஊர் ஸ்டூடியோ அண்ணன், "சொந்தமா சிஸ்டம் வெச்சிருந்தா கல்யாண ஆல்பம் டிசைன் வேலை தர்றேன்டா, ஷீட்டுக்கு இவ்வளவு"ன்னு சொல்லியிருந்தார். ஆல்பம் வந்தா செமஸ்டர் ஃபீஸ் வரும். அப்பா சீட்டு எடுத்து 35,000 ரூபாயை நீட்டினார். கூடவே ஒரு கண்டிஷன்... "கம்பெனி ஐட்டமா வாங்குடா!"

ஊருக்கே அளவெடுத்துத் தைக்கிற மனுஷன், பெத்த புள்ளைக்கு ரெடிமேட் வாங்கச் சொல்றார். இதை அவர்கிட்டயே கேட்டேன். தைக்கிறதை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "சட்டை கிழிஞ்சா நானே தைச்சிடுவேன். இது கெட்டா யார்கிட்டடா போவே?"

அப்போ என்கிட்ட பதில் இல்லை. நியாயமான கேள்விங்க அது. அப்புறம் வர்றேன்.

ஷோரூமுக்கும் போய்ப் பார்த்தோம். அந்த விலைக்குக் காட்டின பெட்டியில ஐ3 பிராசஸர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். "ஒரு டிபி தம்பி!"ன்னு சேல்ஸ்மேன் ரெண்டு தடவை சொன்னார். ஆனா எஸ்எஸ்டி கிடையாது. ஹார்ட் டிஸ்க்ல தட்டு சுத்தணும், முள் நகர்ந்து நகர்ந்து தேடணும். எஸ்எஸ்டியில நகர்ற பார்ட்டே இல்லை. 300 போட்டோவை ஃபோட்டோஷாப்ல திறந்து திறந்து மூடுறவனுக்கு இந்த வித்தியாசம்தான் தூக்கம்.

ராம்லயும் ஒரு சூட்சுமம். 8 ஜிபியும் ஒரே ஸ்டிக். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்துல, பிராசஸருக்குள்ள இருக்கிற கிராஃபிக்ஸும் ராமைத்தான் பங்கு போட்டுக்கும். ஒரு ஸ்டிக்னா ரேஷன் கடையில ஒரே கவுன்டர். அதே 8 ஜிபியை ரெண்டு 4 ஜிபியா ரெண்டு சேனல்ல போட்டா ரெண்டு கவுன்டர். விளம்பரத்துல ரெண்டுமே '8 ஜிபி ராம்'னுதான் இருக்கும்!

மறுவாரம் எழும்பூர்ல இறங்கி, மவுன்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட். (மெட்ரோன்னா அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கலாம்.) ரைசன் 5 5600ஜி, ஒரு சாதாரண மதர்போர்டு, 8 ஜிபி ஸ்டிக் ரெண்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், கேபினெட்... எல்லாம் ஜிஎஸ்டி பில்லோட 33,000 சொச்சம். மானிட்டர் சித்தப்பா வீட்டுப் பழசு. கம்பெனி பெட்டியோட வந்திருக்க வேண்டிய விண்டோஸ் மட்டும் இதுல இல்லை. முதல் ஆறு மாசம் 'ஆக்டிவேட் விண்டோஸ்'னு திரை மூலையில கெஞ்சிக்கிட்டே இருந்துச்சு. ஆல்பம் காசு வந்தப்புறம்தான் லைசன்ஸ் வாங்கினேன். உங்க கணக்குல இதையும் சேர்த்துக்கோங்க.

கடைக்கார அண்ணன் "மாட்டித் தரவா?"ன்னு கேட்டார். வேணாம்னு தூக்கிட்டு வந்துட்டேன். வீட்டுல கட்டிங் டேபிளைக் காலி பண்ணிட்டு நாலு மணி நேரம். பவர் பட்டனுக்கு வர்ற குட்டிக் குட்டி ஒயருங்க இருக்கே... அதைச் சரியா சொருகுறதுதான் முழு வேலையிலயும் கண்ணைக் கட்டுற இடம். அப்பா ஓரமா நின்னு பார்த்துட்டு, "இதுல எதுடா கம்ப்யூட்டர்?"ன்னார். பிராசஸரைக் காட்டினேன். "ஷர்ட் காலர் பட்டன் சைஸ்கூட இல்லை, இதுக்கா பதிமூணாயிரம்?" (கொஞ்சம் ஓவர்தான், பட்டனை விடப் பெருசுதான்!)

இப்படி ஆளாளுக்குப் பார்ட் வாங்கி மாட்ட முடியுதே, எப்படி? 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுதான் காரணம். மதர்போர்டுல ஓட்டை எங்கே, எஸ்எம்பிஎஸ்ல இருந்து என்ன பின் வரணும்னு எல்லாத்துக்கும் பொது அளவு. பிராண்டட் பெட்டிங்க பலதுல இந்த அளவு இருக்காது. ஹாஸ்டல் நண்பன் ஒருத்தனோட சிஸ்டத்துல, ஒரு வருஷ வாரன்டி முடிஞ்சப்புறம் எஸ்எம்பிஎஸ் போச்சு. திறந்து பார்த்தா வழக்கமான 24 பின் இல்லை, கம்பெனியோட சொந்தக் கனெக்டர். கடை கடையா ஏறி இறங்கினான். கடைசியில கம்பெனி ஸ்பேருக்காக மூணு வாரம் காத்திருந்தான்.

இப்போ அப்பா கேள்விக்கு வருவோம். 2023-ல் என் மதர்போர்டு செத்துப் போச்சு. வாங்கின கடையில "சர்வீஸ் சென்டர் போங்க தம்பி"ன்னு கை காட்டிட்டாங்க. அசெம்பிள் சிஸ்டத்துல ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனி வாரன்டி, தனித்தனி வாசல். எது கெட்டுச்சுன்னு கண்டுபிடிக்கிறதும் நம்ம வேலைதான். சென்னைக்கு மூணு நடை, 18 நாள். ஒரு ஆல்பம் லேட். பொண்ணு வீட்டுக்காரங்க ஸ்டூடியோ அண்ணனைத் திட்ட, அண்ணன் என்னைத் திட்ட... கம்பெனி பெட்டியா இருந்தா, ஆன்-சைட் வாரன்டியில ஆள் வீட்டுக்கே வந்து பார்த்திருப்பான். அப்பா ஒண்ணும் சொல்லலை. ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். போர்டு மாத்திக் கொடுத்தாங்க. மத்த பார்ட் எல்லாம் அப்படியே ஓடுது.

அதனால என் கட்சி இதுதான்: சிஸ்டத்தை வெச்சு நீங்க எடிட்டிங், டிசைன், கேம்னு கனமா ஏதாவது பண்ணுவீங்க, கெட்டா நாலு நாள் தாங்கிக்குவீங்கன்னா அசெம்பிள். ராமநாதபுரம் பக்கம் கிராமத்துல இருக்கீங்க, கழட்டிப் பார்க்கவே கை நடுங்கும்னா கம்பெனி பெட்டி. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை.

ஆனா என் 2022 விலையை நம்பிக் கிளம்பிடாதீங்க. 2025 கடைசியில ராம் விலை தாறுமாறா ஏறிச்சு. மெமரி கம்பெனிங்க ஏஐ டேட்டா சென்டர் பக்கம் திரும்பிட்டாங்க. குருஷியல் பேர்ல கடையில ராம், எஸ்எஸ்டி வித்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே நிறுத்தப் போறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சுது. இப்படிப்பட்ட நேரத்துல ரெடிமேட் பெட்டியே சீப்பா அமையலாம். வாங்குற அன்னிக்கு ரெண்டு பக்கமும் கூட்டிப் பாருங்க.

மூணாவதா ஒரு ரூட்டும் இருக்கு. ஆபீஸ்ங்க கழிச்சுக் கட்டுற ஆப்டிபிளெக்ஸ், எலைட்டெஸ்க், திங்க்சென்டர். பி.காம் படிக்கிற தங்கச்சிக்கு நான் சொன்னது இதைத்தான். டாலிக்கும் எக்ஸெலுக்கும் ரைசன் எதுக்கு? இன்டெல்னா 8-வது ஜெனரேஷனுக்குக் கீழே மட்டும் தொடாதீங்க. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு, அதுக்கு முந்தின பிராசஸர்கள் விண்டோஸ் 11 லிஸ்ட்ல இல்லை.

அசெம்பிள்தான்னு முடிவு பண்ணிட்டீங்களா? எஸ்எம்பிஎஸ்ல மட்டும் கஞ்சத்தனம் வேணாம், கேபினெட்டோட இலவசமா வர்றதை நம்பாதீங்க. இன்டெல் பிராசஸர் பேர் கடைசியில 'எஃப்' இருந்தா உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு வாங்கலேன்னா திரை கறுப்புதான். பில்லுல சீரியல் நம்பர் இருக்கான்னு பாருங்க. நம்ம ஊர் கரன்டுக்கு ஒரு யுபிஎஸ்ஸும் சேர்த்துக்கோங்க.

அப்புறம் ஒரு நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். அப்பா ஆசையா எடுத்துக் கொடுத்த தையல் மெஷின் ஸ்க்ரூ டிரைவர் தட்டை முனை... ஒரு ஸ்க்ரூவுக்குக்கூட சேரலை!