சிங்க்குக்கு அடியில்

உங்கள் வீட்டு சிங்க்குக்கு அடியில் என்ன இருக்கிறது? ஒரு வளைந்த பைப், காய்ந்துபோன தேங்காய் நார், தூக்கிப்போட மனசு வராத பழைய தோசைக்கல், எப்போதாவது ஒரு கரப்பான்பூச்சி. எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு மோட்டார் உண்டு.

நாவலூரில் வீடு வாங்கியபோது கூடவே வந்தது அது. எங்களுக்கு முன்னால் இருந்தவர் பல வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே பழகிய மெஷினை இங்கேயும் மாட்டியிருக்கிறார். பிறகு மறுபடியும் அமெரிக்காவுக்கே போய்விட்டார். மெஷின் எங்களோடு தங்கிவிட்டது. சிங்க்கின் ஓட்டையில் காய்த்தோல், மிச்சம் மீதியைத் தள்ளி, குழாயைத் திறந்து, ஸ்விட்சைப் போட்டால் 'கர்ர்ர்' என்று அரைத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். என் மகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் கும்பகர்ணன்.

அம்மாவுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே அது பிடிக்காது. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் பழைய வீட்டுக் கொல்லையில் கழுநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், வாழைப்பழத் தோல், வடித்த கஞ்சி எல்லாம் அதில் சேரும். சாயங்காலம் பால்காரர் சைக்கிளில் வந்து எடுத்துப்போவார். மாடு சாப்பிட்டது, நாங்கள் பால் குடித்தோம். பி.காம். படித்தவன் பார்வையில் சொன்னால், பற்றும் வரவும் டேலி ஆன கணக்கு அது.

"நல்ல சாதத்தைப் போய் மோட்டார் வெச்சு அரைச்சு சாக்கடையில விடறதா?" என்பாள் அம்மா. அப்பா போன பிறகு எங்களோடு ஒன்பதாவது மாடிக்கு வந்தவளுக்கு, இங்கே குறைசொல்லப் பெரிதாக வேறு எதுவும் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முருங்கைக்காய் சாம்பார், வாழைத்தண்டுப் பொரியல். சாப்பிட்டு முடித்து ஸ்விட்சைப் போட்டால், சத்தமே இல்லை. சிங்க்கில் தண்ணீர் மட்டும் மெள்ள ஏறிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கறிவேப்பிலை மிதந்தது.

சர்வீஸ் சென்டருக்கு போன் அடித்தேன். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் எல்லாம் முடிந்து ஒரு பெண்குரல், "நாவலூரா சார், அது சென்னையா?" என்று கேட்டது. நியாயமான சந்தேகம்தான். மாநகராட்சி எல்லை செம்மஞ்சேரியோடு நின்றுவிடுகிறது. நாங்கள் அதற்கு அந்தப் பக்கம், செங்கல்பட்டு மாவட்டம். பல பேருக்கு நாவலூர் என்றால் டோல்கேட்தான் ஞாபகம் வரும். 2023 அக்டோபரில் வசூலை நிறுத்திய பிறகும் அந்த இடம் வந்தால் என் கை தன்னாலே சட்டைப்பைக்குப் போகிறது. "நாலு நாள் ஆகும் சார்" என்றது குரல்.

நாலு நாள் அந்தத் தண்ணீர் நின்றால் என்ன வாசனை வரும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே சிங்க்குக்கு அடியில் படுத்தேன்.

இந்த மெஷினைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உள்ளே மிக்ஸி மாதிரி பிளேடு சுழன்றுகொண்டிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பிளேடே கிடையாது. ஒரு வட்டத் தட்டு சுற்றுகிறது. அதன்மேல் இரண்டு உலோகத் துண்டுகள் ஆடிக்கொண்டிருக்கும். சுற்றுகிற வேகத்தில் உணவுத் துண்டுகள் விளிம்புக்கு வீசப்பட்டு, சுற்றிலும் இருக்கிற சொரசொரப்பான வளையத்தில் உரசித் தூளாகும். தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு வேலை. 1927-ல் அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலம் ரசீன் என்ற ஊரில் ஜான் ஹேம்ஸ் என்ற ஆர்க்கிடெக்ட் யோசித்துச் செய்தது. 1935-ல் காப்புரிமை கிடைத்து, 1938-ல் கம்பெனி ஆரம்பித்தார். எல்லா ஊரும் அதைக் கைதட்டி வரவேற்கவில்லை. நியூயார்க் நகரம், பழைய சாக்கடைகள் தாங்காது என்று பயந்து, பல வருஷம் தடை போட்டிருந்தது. 1997-ல்தான் நீக்கினார்கள்.

அந்த ஹேம்ஸ் நிச்சயமாக முருங்கைக்காய் சாப்பிட்டிருக்க மாட்டார். நம் சமையலுக்கும் இந்த மெஷினுக்கும் ஜாதகப் பொருத்தம் கொஞ்சம் குறைவு. மென்று துப்பிய முருங்கைச் சக்கை, வாழைத்தண்டு நார், கீரைக் காம்பு, தேங்காய்க் குடுமி இதெல்லாம் அரைபடாது. கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். சாதம் அதிகம் போனால் பசையாகிப் பைப்பில் ஒட்டும். நெய்யும் எண்ணெயும் வெந்நீரில் உருகி ஓடி, கொஞ்ச தூரம் போய் உறைந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு ஓட்டச் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு, எங்கள் குடியிருப்புக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது. வளாகத்திலேயே ஒரு சுத்திகரிப்பு நிலையம். அரைத்து அனுப்புவதெல்லாம் அங்கேதான் போகிறது. அசோசியேஷன் செயலாளர் என்னை லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "உங்க மெஷின் ஓடுதா சார்?" என்று கேட்பார். அது நலம் விசாரிப்பு இல்லை.

"ஸ்விட்ச் போட்டா சத்தமே வரலையா, இல்ல முனகுதா?" அம்மா சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சத்தமே இல்லம்மா."

"அப்ப அடியில சிவப்பு பட்டன் இருக்கும் பாரு. மிக்ஸிக்கு இருக்கற மாதிரி."

இருந்தது! முப்பது வருஷம் மிக்ஸியோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மோட்டார் திணறினால் கருகிவிடாமல் இருக்க அதுவாகவே கரன்ட்டை வெட்டிக்கொண்டு, பட்டன் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பத்து நிமிஷம் ஆறவிட்டு அழுத்தினேன். ஸ்விட்சைப் போட்டதும் 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல், சுற்றவில்லை. உடனே அணைத்தேன். முனகவிட்டு வேடிக்கை பார்த்தால் காயில் போய்விடும். முனகுகிறது என்றால் கரன்ட் வருகிறது, மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, உள்ளே எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மெஷினின் அடிப்பக்கம் நட்டநடுவில் ஆறு மூலை ஓட்டை ஒன்று உண்டு. அதில் ஆலன் கீ செருகி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினால் தட்டு அசைந்துகொடுக்கும். மெஷினோடு வந்த கீ, முந்தைய ஓனரோடு விமானம் ஏறிவிட்டது போலிருக்கிறது. தாழம்பூர் சாலையில் ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"எத்தனை எம்.எம். சார்?"

தெரியவில்லை. ஆறு வாங்கி வந்தேன். செருகினால் லொடலொடவென்று ஆடியது. மறுபடி போனேன். கடைக்காரர் சிரித்தார். "அது இன்ச் சைஸு சார். கால் இன்ச். அதாவது ஆறே கால் சொச்சம். ஆறு போட்டுத் திருகுனீங்கன்னா மூலையெல்லாம் மழுங்கிடும்." பரணிலிருந்து துருப்பிடித்த செட் ஒன்றை இறக்கிக் கால் இன்ச் கீயைத் தேடிக் கொடுத்தார். முப்பது ரூபாய். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் முதலில் மெஷின் என்று சொல்லவே இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருகினேன். முதலில் கல் மாதிரி நின்றது. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று கெஞ்சியதில் 'டொக்' என்று விட்டது. இனிமேல் மேலிருந்து எடுக்க வேண்டியதுதான். பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் உள்ளே கையை விடக் கூடாது. மகள் செல்போனில் டார்ச் அடிக்க, நான் சமையல் இடுக்கியை விட்டுத் துழாவினேன்.

இந்த இடத்தில்தான் அம்மா, "விடுடா, அதான் சுத்துதே. மேல எதுக்கு நோண்டற?" என்றாள்.

முதலில் முருங்கை நார். ஜடை மாதிரி பின்னிக்கொண்டு வந்தது. அப்புறம் வாழைத்தண்டு நார். அப்புறம் ஒரு புளியங்கொட்டை. அதற்குப் பிறகு இடுக்கியில் மாட்டி வந்தது, டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தது. நசுங்கிய அலுமினிய அட்டைத் துண்டு, நகம் அளவுக்கு. இன்னொன்று. இன்னொன்று. வளையத்துக்கும் தட்டுக்கும் நடுவில் ஆப்பு அடித்த மாதிரி சொருகிக்கொண்டிருந்தவை இவைதான். ஒரு துண்டில் மட்டும் மாத்திரை இன்னும் உள்ளேயே இருந்தது.

மொத்தம் பதினோரு துண்டு. தட்டில் வரிசையாக வைத்தபோது யாரும் எதுவும் பேசவில்லை. ஸ்டூல் காலியாக இருந்தது.

எங்கள் வீட்டில் அம்மாவின் பிரஷர் மாத்திரை என் மனைவியின் இலாகா. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அட்டையைக் கத்திரிக்கோலால் ஏழு துண்டாக வெட்டி, எவர்சில்வர் டப்பாவில் போட்டுவைப்பாள். அடுத்த ஞாயிறு டப்பா காலியாக இருக்கும். அவ்வளவுதான் எங்கள் தணிக்கை.

அம்மா தன் அறைக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் புடவையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாகச் சாயங்கால நடைக்கு வரவில்லை. லிஃப்ட் தலை சுற்றுகிறது என்றாள். செருப்பு போடவில்லை, கேட்டால் வீட்டுக்குள் எதற்கு என்றாள். புடவையை விலக்கிப் பார்த்தேன். கால் வீங்கியிருந்தது. அழுத்தினால் விரல் குழி விழுந்தது.

"அந்த மாத்திரை போட ஆரம்பிச்சதுலேர்ந்துதான்டா. நிறுத்திப் பார்த்தேன். கொஞ்சம் வடிஞ்ச மாதிரி இருந்தது. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன பண்ணுவே? இன்னொரு டாக்டர், இன்னொரு ஸ்கேன், நீ இன்னொரு லீவு. போன தடவை நீ ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு ஆபீஸ்ல யார்கிட்டயோ கெஞ்சினது எனக்குக் கேட்டுது."

நான் கெஞ்சியது உண்மை. அவளுக்குக் கேட்டிருக்கும் என்று தெரியாது.

"குப்பையில போட்டிருக்க வேண்டியதுதானே பாட்டி?" என்றாள் மகள்.

"உங்கம்மா பச்சைக் கூடை, நீலக் கூடைன்னு பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்கறாளே. மாட்டிப்பேன்."

"மாத்திரையை மட்டும் பிதுக்கிப் போட்டிருக்கலாம்."

அம்மா கட்டை விரலைக் காட்டினாள். மூட்டு வீங்கிக் கோணியிருந்தது. "இதை வெச்சுண்டு பிதுக்கறதா? முழுசாப் போட்டா அந்த மெஷின் பார்த்துக்கும்னு நெனச்சேன். எல்லாத்தையும் அரைக்கும்னு நீதானே சொன்னே?"

சொன்னேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஸ்விட்சைப் போட்டுக் காட்டி, பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் லீவு போட்டேன், யாரிடமும் கெஞ்சாமல். டாக்டர் ஆச்சரியப்படவில்லை. அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கால் வீங்குவது உண்டாம்; தெரிந்த விஷயம்தானாம். ஆனால் மாத்திரைதான் காரணம் என்று நாமே முடிவுகட்டக் கூடாது, சிறுநீரகம், இதயம் எல்லாம் பார்க்க வேண்டும் என்று பரிசோதனைகள் எழுதினார். அவற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் கொஞ்சம் குரலை உயர்த்தியது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அன்றைக்கு அம்மாவின் பிரஷர் 180-க்கு 100. "வீக்கத்தோட வந்திருந்தா மாத்தி எழுதியிருப்பேன். நீங்களா நிறுத்தினதுதாம்மா ஆபத்து" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள், நான்தான் நிறுத்தினேன் என்பதுபோல.

திரும்பும்போது லிஃப்டில் செயலாளர். "மெஷின் ஓடுதா சார்?"

"ஓடுது சார்" என்றேன். சுத்திகரித்த தண்ணீரைத்தான் எங்கள் வளாகத்துச் செடிகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். நுழைவாயில் போகன்வில்லாவுக்கு ஒரு மாதமாக பிரஷர் நார்மலாக இருந்திருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது மாத்திரை வேறு. துண்டு வெட்டுவதும் இல்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என் மகள் அட்டையிலிருந்து பிதுக்கிப் பாட்டியின் உள்ளங்கையில் வைக்கிறாள். விழுங்கின பிறகு, "ஆ காட்டு பாட்டி" என்கிறாள். அம்மா நாக்கை நீட்டி, மேலே தூக்கி, இடம் வலம் எல்லாம் காட்டுகிறாள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. பழைய செருப்பு மறுபடி காலில் ஏறியது.

கால் இன்ச் கீயை சிங்க்குக்கு அடியில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். போன வாரம் மறுபடி வாழைத்தண்டு வாங்கினோம். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, வில்லை வில்லையாக நறுக்கி, நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அந்த நார்ப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏன்டா, தாழம்பூர் ரோட்டுல மாடு நிக்குமே, அது யாரோடதுன்னு விசாரிச்சியா?"