குளம்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்கு வருகிறவர்கள் குதிரைச் சந்தைப் பக்கம் வெயில் தாழ்ந்துதான் வருவார்கள். கொட்டுச் சத்தத்துக்குக் குதிரை ஆடுவதும் பேரம் சூடு பிடிப்பதும் அப்போதுதான். நான் விடியற்காலையிலேயே போனேன். குதிரையை அதன் ஆள் எப்படி வைத்துக்கொள்கிறான் என்பது காலை ஆறு மணிக்குத்தான் தெரியும்.

ஈரோட்டிலிருந்து அந்தியூர் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பஸ்ஸை விட்டு இறங்கும்போது வடக்கே பர்கூர் மலை மேகத்துக்குள் இருந்தது. நிலையத்தில் டீ 15 ரூபாய், அங்கிருந்து கோயில் இருக்கும் புதுப்பாளையத்துக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய். மைதானத்தில் கால் வைத்ததும் லத்தி நாற்றமும் கொள்ளு வேகும் வாசனையும் சேர்ந்து வந்தன. கண்ணுக்கு எட்டிய வரை முளைக்குச்சியும் கயிறும். குதிரைக்காரர்கள் ஒருவர் விடாமல் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.

முதல் வரிசையில் ஒரு வெள்ளைக் குதிரை. மேலெல்லாம் எண்ணெய் மினுக்கு, பிடரியில் சிவப்பு நூல், கழுத்தில் சலங்கை. விலை 6 லட்சம் சொன்னார்கள். “மார்வாரிங்க, சுழி சுத்தம், பாருங்க” என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார் நின்றிருந்த இளைஞர். மார்வாரிக்குக் காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட வரும். இதன் காதுகள் நேராக நின்றன. அதை விட்டுவிட்டுக் குளம்பைப் பற்றிக் கேட்டேன். தினமும் சுத்தம் செய்வதாகச் சொன்னார். காலைத் தூக்கிக் காட்டச் சொன்னபோது கொஞ்சம் தயங்கித்தான் முன்னங்காலைத் தூக்கினார். அழுகல் வாடை பக்கென்று மேலே வந்தது.

குதிரையின் குளம்புக்கு அடியில், நடுவில், வி வடிவத்தில் ரப்பர் மாதிரி ஒரு மெத்தை உண்டு. அதன் இரண்டு பக்கமும் பள்ளம். ஈரமான லத்தியிலேயே நிற்க விட்டால், அந்தப் பள்ளத்தில் அழுக்கு அடைத்து, காற்றுப் படாமல் கிருமி பெருகி, கறுப்பாகக் கசிய ஆரம்பிக்கும். இந்தக் குதிரையின் பள்ளத்தில் அந்தக் கறுப்பு களிம்பு போல ஒட்டியிருந்தது. ஒரு நாளில் வருகிற கேடு இல்லை இது. மேலே பூசிய எண்ணெய் நேற்றையது, கீழே இருந்த அழுக்கு பல நாளையது.

நாலு வரிசை தள்ளி, வேலியோரமாக ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குதிரை. அலங்காரம் எதுவும் இல்லை. கேட்ட விலை 1 லட்சத்து 40 ஆயிரம். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் அதன் விலாவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “வாங்க தம்பி, பின்னால மட்டும் நிக்காதீங்க” என்றார் திரும்பாமலே. குடல் சத்தம் கேட்கிறாராம். வயிறு கடமுடவென்று ஓடிக்கொண்டிருந்தால் சரி, அடங்கிப்போனால் ஆபத்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். குடல் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே வந்துவிடும். நானும் காதை வைத்துப் பார்த்தேன். சூடான தோலுக்குள்ளே தண்ணீர் புரள்கிற மாதிரி ஒரு சத்தம், நிற்காமல் கேட்டது.

பிறகு தேய்க்க ஆரம்பித்தார். முதலில் ரப்பர் பிரஷ்ஷால் வட்டம் வட்டமாக, கழுத்திலிருந்து பின்பக்கம் வரை. பொடுகும் மண்ணும் உதிர்ந்த முடியும் மேலே கிளம்பி வந்தன. அப்புறம் நார் பிரஷ்ஷால் முடி படியும் திசையில் நீளமாக இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷ்ஷைத் தட்டித் தூசியை உதறினார். முழங்காலுக்குக் கீழே ரப்பர் பிரஷ் போகவே இல்லை. அங்கே தோலுக்கு அடியில் சதை கிடையாது, எலும்பும் நரம்பும்தான். சேண வார் இறுக்கும் இடத்தில் மட்டும் பிரஷ்ஷை வைத்துவிட்டு வெறும் கையால் தடவித் தடவிப் பார்த்தார். அங்கே ஒரு மண் துகள் தங்கினாலும் ஏறி உட்கார்ந்ததும் புண்ணாகிவிடும். வாயோரத்தையும் விலக்கிப் பார்த்தார், கடிவாளம் அறுத்திருக்கிறதா என்று.

“அம்மிணி, காலு” என்றார். கையைத் தோளிலிருந்து கீழே வழித்துக்கொண்டே போனார். கணுக்காலுக்குக் கை போகும் முன்பே குதிரை தானாகக் காலை மடக்கிக் கொடுத்தது. வளைந்த கம்பி ஒன்றால், குதிகால் பக்கமிருந்து நுனியைப் பார்த்துச் சுரண்டினார். கம்பி சறுக்கினாலும் மெத்தையில் குத்தக் கூடாது என்பதற்காக அந்தத் திசை. இரண்டு கூழாங்கல்லும் காய்ந்த மண்ணும் விழுந்தன. குனிந்து மோந்து பார்த்தேன். மண் வாசம்தான்.

தண்ணீரில்தான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது. மைதானத்தில் ஒரு பொதுத் தொட்டி இருக்கிறது. வரிசையாகக் குதிரைகள் அதில்தான் வாய் வைக்கின்றன. இவரோ ஊரிலிருந்து கொண்டுவந்த நீல வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தார். மூக்கொழுகும் ஒரு குதிரை வாய் வைத்தால் போதும், தொட்டியே நோயைப் பரப்பும். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் மனிதனுக்கும் தொற்றும். அந்த நோய் உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழியில்லை. அவருடைய பிரஷ்ஷையும் சேணத் துணியையும் பக்கத்து ஆள் இரவல் கேட்டபோது, “கோவிச்சுக்காதீங்க, தரமாட்டேன்” என்றார்.

தீனி நாளுக்கு நாலு வேளை. கேழ்வரகுத் தாள், குதிரைமசால், கொஞ்சம் ஊறிய கொள்ளு, கோதுமைத் தவிடு, ஒரு கை கல்லுப்பு. குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சின்னது. காட்டில் விட்டால் நாளில் பெரும்பகுதி மேய்ந்துகொண்டேதான் இருக்கும். ஒரே வேளையில் கொள்ளை நிரப்புவது அதற்குச் செய்யும் கொடுமை. இரண்டு கொட்டகை தள்ளி ஒருவர் கறுத்த குதிரைக்கு முன்னால் வாளி நிறைய ஊறாத கொள்ளை வைத்துவிட்டு, அது ஆசையாகத் தின்பதைப் பெருமையோடு காட்டினார். எனக்குப் பதறியது.

ஒன்பது மணிக்குப் பெரியவரின் குதிரைக்கு லாடம் அடிக்க லாடக்காரர் வந்தார். நாலு காலுக்கும் 1,200 ரூபாய். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அதனால் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததைச் செதுக்கி, மறுபடி அடிக்க வேண்டும். ஆணி வெளிச்சுவருக்குள் மட்டுமே போய்ப் பக்கவாட்டில் வெளியே வர வேண்டும். அங்கே உணர்ச்சி கிடையாது. கொஞ்சம் உள்ளே சாய்ந்தால் சதையில் இறங்கிவிடும். ஆணிக் காயத்தால் வரும் ரண ஜன்னிக்குக் குதிரை சுலபமாகப் பலியாகும். ஒவ்வொரு அடிக்கும் சத்தம் மாறுகிறதா என்று அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். குதிரை வைக்கோலை மென்றுகொண்டே நின்றது.

அந்த நேரத்தில் காங்கேயம் பக்கமிருந்து வந்த ஒருவர், வெள்ளைக் குதிரைக்கு முன்பணம் கொடுக்கப் போவதாகப் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார். பல் பார்த்தாராம், சுழி பார்த்தாராம், ஓட்டிப் பார்த்தாராம். “குளம்பு பார்த்தீங்களாண்ணா?” என்றேன். அவர் போய்த் தூக்கச் சொன்னார். பின்னங்காலைத் தொட்டதுமே குதிரை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மூன்றாவது தடவை பிடி கிடைத்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். இளைஞர் உடனே விலையில் 50 ஆயிரத்தைக் குறைத்தார். இவர் பணத்தை மடியில் சொருகிக்கொண்டு, லாடக்காரரைக் கூட்டிவந்து காட்டின பிறகுதான் பேச்சு என்று வேலியோரமாக நடந்தார்.