வெளிச்சம் மட்டும் போதும்

கண்புரை இரண்டு பக்கமும் மறைக்கும். நோயாளிக்கு உலகம் தெரியாது. டாக்டருக்கு விழித்திரை தெரியாது. புரை நன்றாக முற்றிவிட்டால் பி-ஸ்கேன்தான் எடுக்க வேண்டும். அது விழித்திரை கழன்றிருக்கிறதா என்று காட்டும். வேலை செய்கிறதா என்று காட்டாது.

என் பெரியம்மாவின் கேள்வியே அந்த இரண்டாவதுதான். பெரிய மாமாவுக்கு இளவயதிலேயே மாலைக்கண். ஐம்பதுக்குள் எல்லாம் இருட்டிவிட்டது. ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, பரம்பரையாக வரும் விழித்திரை நோய். "அண்ணனுக்கு வந்ததுதான்டா எனக்கும். எதுக்கு வீணா ஆபரேஷன்?" என்று பெரியம்மா இரண்டு வருஷம் தள்ளிப்போட்டார்.

பிறகு ஈஆர்ஜி எடுக்கச் சொன்னார்கள். விழித்திரைக்கு எடுக்கும் ஈசிஜி என்று வைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் பட்டால் விழித்திரையில் மின் அலை எழும் என்பதை ஸ்வீடனின் ஹோம்கிரென் 1865-லேயே தவளைக் கண்ணில் பார்த்துவிட்டார். முதலில் கீழே இறங்கும் 'ஏ' அலை, ஒளியை வாங்கும் செல்களுடையது. அடுத்து மேலே எழும் 'பி' அலை, அதற்கடுத்த அடுக்கிலிருந்து வருவது. அளவெல்லாம் மைக்ரோவோல்ட்தான்.

புரை மறைத்துக்கொண்டிருக்க, இது எப்படி நடக்கும்? எனக்கும் அதே சந்தேகம். விஷயம் எளிமையானது. புரை ஒளியை முழுசாக விழுங்குவதில்லை, பெரும்பாலும் சிதறடிக்கிறது. குளியலறை ஜன்னலின் சொரசொரப்புக் கண்ணாடி மாதிரி: வெளியே யார் நிற்கிறார் என்று தெரியாது, ஆனால் உள்ளே வெளிச்சம் இருக்கும். இந்தச் சோதனைக்குப் பிம்பம் தேவையில்லை, வெளிச்சம் போதும். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தால் ஃபிளாஷ் எல்லாத் திசையிலிருந்தும் விழும். புரை அடர்த்தியானால் ஃபிளாஷ் மங்கியதுபோல் ஆகும். அலை கொஞ்சம் குறுகும், கொஞ்சம் தாமதமாகும். பளிச்சென்ற ஃபிளாஷ் கொடுத்து ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் மாமாவுக்கு வந்த நோயில் அலை பெரும்பாலும் தரையோடு தரையாகப் படுத்துவிடும். புரை மட்டும் அப்படிச் செய்யாது.

இருபது நிமிஷம் இருட்டில் உட்கார வைத்தார்கள். "கரண்ட் போயிடுச்சாடா?" என்றார் பெரியம்மா.

அலை வந்தது. சற்றுக் குட்டை, ஆனால் அலைதான்.

டாக்டர் அவசரப்படவில்லை. "இது மொத்த விழித்திரையோட கூட்டுத்தொகைம்மா. எழுத்துப் படிக்கிற மையப்பகுதி அதுல ரொம்பச் சின்ன பங்கு. அது மட்டும் கெட்டிருந்தா இதுல தெரியாது." மையத்தைத் தனியாகச் சோதிக்கும் பேட்டர்ன், மல்டிஃபோகல் வகைகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு விழித்திரையில் தெளிவான பிம்பம் விழ வேண்டும். புரை அதைத்தான் கெடுத்து வைத்திருக்கிறது. அதாவது, மீதிப் பதில் அறுவைக்குப் பின்னால்தான்.

மென்பொருளில் எனக்குப் பழகிய நிலைமைதான் இது. சர்வர் உயிரோடு இருக்கிறது என்று தெரியும், சரியான பதில் தருமா என்று தெரியாது. ஆனால் அங்கே பணயம் வைப்பது என் கண்ணை அல்ல. அதனால் நான் எதுவும் சொல்லவில்லை.

பெரியம்மா கேட்டது ஒன்றுதான். "அப்ப அண்ணனுக்கு வந்தது எனக்கு இல்ல?"

"அப்படித் தெரியல."

"சரி, தேதி குடுங்க."